நீடாமங்கலம் வீடு (குடும்ப குரூப்)

மணி: அக்கா, காலைல நம்ம ஊரு பங்க்குல நாலு டயருக்கும் காத்தழுத்தம் 32 psi வச்சிட்டுத்தான் கெளம்புனோம். நாகப்பட்டினம் வந்து பாத்தா 36 காட்டுது. காத்தடிக்கிற தம்பி 4 எறக்கிடலாம்ங்கிறாரு. எறக்கவா?

விஜயா: எறக்காத மணி. அப்படியே ஓட்டு.

செல்வி: வெடிச்சிடாதுல்ல அண்ணி? பின்னாடி புள்ளைங்க இருக்கு

விஜயா: பயப்படாத செல்வி. கத்திரி வெயில்ல தார் ரோடு கொதிக்குது, டயரும் ஓடி ஓடி சூடாயிருக்கு. டயர் பெருசா விரியாது, அதனால சூடு ஏற ஏற உள்ள அழுத்தம் ஏறுது. டிரைவர் கதவோரம் ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற 32, டயர் ஆறியிருக்கும்போது பாக்குற அளவு. இந்த ஏத்தத்தையும் சேத்துதான் அத வச்சிருக்காங்க.

கவின்: அத்தை ஒரு டவுட். கன அளவு மாறலன்னா அழுத்தம் வெப்பநிலைக்கு நேர்விகிதம்னு பிளஸ் ஒன்ல படிச்சேன். காலைல 30 டிகிரி, இப்ப டயருக்குள்ள 55ன்னு வச்சாலே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகணுமே?

விஜயா: நல்லா கேட்ட கண்ணு. செல்சியஸ் பூஜ்யம் தண்ணி உறையுற இடம், அவ்வளவுதான். வாயுவோட பூஜ்யம் மைனஸ் 273ல இருக்கு. அங்கேருந்து எண்ணு. 30 வந்து 303. 55 வந்து 328. வகுத்துப் பாரு.

கவின்: 1.0825. ஆனா 32ஐ இதால பெருக்கினா 34.6தான் வருது. சித்தப்பாவுக்கு 36 காட்டுதே?

விஜயா: இங்கதான் நெறைய பேரு கோட்டை விடுறாங்க. பஞ்சரான டயர்ல காத்தளக்குற கேஜ் 0 காட்டும், அதுக்குள்ள காத்து இல்லாமலா இருக்கு? வெளிக்காத்துக்கு மேல எவ்வளவுங்கிறத மட்டும்தான் கேஜ் சொல்லும். வெளிக்காத்தோட 14.7ஐயும் சேத்துக்க.

கவின்: 46.7 × 1.0825 = 50.6. அதுல 14.7 போனா 35.9!!! அத்தை 👏👏

விஜயா: இப்ப திருப்பிப் போடு. மணி இப்ப 32க்கு எறக்கிட்டா, நாளைக்கு விடியக்காலைல ஆறினதும் 28 சொச்சம்தான் நிக்கும். காத்து கம்மியான டயர் பக்கவாட்டுல மடங்கி மடங்கி ஓடும், அதுலயே இன்னும் சூடேறும். கோடையில டயர் வெடிக்கிறது பெரும்பாலும் இப்படித்தான். இதுல அசால்ட்டா இருக்காத மணி.

மணி: சரிக்கா, தொடல

கவின்: கன அளவு மாறினா?

விஜயா: வீட்ல ஊசியில்லாத சிரிஞ்ச் இருக்கும். வாயை வெரலால அடைச்சு 10 மில்லிலேருந்து 5க்கு மெதுவா அமுக்கு. பாதியானா உள்ள அழுத்தம் ரெண்டு மடங்கு. வெரல்லயே தெரியும். ராபர்ட் பாயில்ங்கிற விஞ்ஞானி 1662ல வெளியிட்ட விதி இதுதான்.

செல்வி: அண்ணி, கொல்லையில சிலிண்டர் வெயில்ல நிக்குதே, அதுவும் இதே கணக்கா?

விஜயா: இல்லம்மா, அதுல பெரும்பகுதி திரவம். சூடேறினா திரவம் ஆவியாகி சேந்துக்கும், அழுத்தம் இன்னும் வேகமா ஏறும். கவின், அத இப்பவே மாமரத்து நிழலுக்கு மாத்து. படுக்கப்போட்டு உருட்டாத, நிமித்தியே வை.

கவின்: போறேன் அத்தை

மணி: வேளாங்கண்ணி கெளம்பிட்டோம். நாளைக்கு வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி அளந்து போடுறேன்.