மறு: அக்யூரசி ரேடியஸ் – "துல்லிய ஆரம்" வேண்டாம், "ஐயவட்டம்" பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம். இடப்பகிர்வுச் செயலியின் தமிழாக்கத்துக்காக "அக்யூரசி ரேடியஸ்" என்பதற்குச் சொல் தேடும் இழைக்கு என் பதில் இது. போனின் வரைபடத்தில் நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று வருமே, அதன் ஆரம்தான் அது. > குறியிட்ட வரிகள் இழையில் மற்றவர்கள் எழுதியவை.

> அக்யூரசி ரேடியஸுக்குத் "துல்லிய ஆரம்" என்றே வைத்துவிடலாமே. நேரடியாக இருக்கிறது, யாருக்கும் குழப்பம் வராது.

குழப்பம் வரும் என்பதுதான் என் கவலை. திரையில் ஒருமுறை "துல்லியம்: 8 மீட்டர்" என்றும், கொஞ்ச நேரம் கழித்து "துல்லியம்: 1500 மீட்டர்" என்றும் வந்தால் எதை நம்புவது? துல்லியம் கூடினால் நல்லது என்றுதான் தமிழ் படிக்கும் யாரும் நினைப்பார்கள். இங்கே எண் பெருகப் பெருகக் கணிப்பு மோசமாகிறது. ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கும் கோளாறு இது. அதை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம் என்கிறேன்.

இழையில் வந்த பல பரிந்துரைகளைப் பார்த்தால், செயற்கைக்கோள் நம் இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறது என்ற எண்ணத்தில் எழுதியவை போலத் தெரிகிறது. அதனால் அந்த நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் போன் என்று ஒன்று இருப்பதே செயற்கைக்கோளுக்குத் தெரியாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தாம் எங்கே இருக்கிறோம், இப்போது நேரம் என்ன என்பதை இடைவிடாமல் ஒலிபரப்புகின்றன. போன் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். மேலே எதையும் அனுப்புவதில்லை. சிக்னல் கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியிலிருந்து தொலைவைக் கணக்கிடுகிறது. மேலே இருப்பது அணுக்கடிகாரம், போனில் இருப்பது மலிவான படிகக் கடிகாரம். ஒரு மைக்ரோ நொடி பிசகினாலே 300 மீட்டர் தள்ளிப்போய்விடும். அதனால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றோடு கடிகாரப் பிசகையும் நான்காவது அறியா எண்ணாக வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும் என்பது இதனால்தான்.

வெட்டவெளியில் இந்தக் கணக்கு சில மீட்டருக்குள் நிற்கும். தி.நகர் ரங்கநாதன் தெரு மாதிரி இரு பக்கமும் கட்டடங்கள் நெருக்கி நிற்கும் இடத்தில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் வந்து சேரும். போனுக்கோ அது நேராக வந்த மாதிரிதான். புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவுவது அப்போதுதான்.

கான்கிரீட் தளத்துக்கு அடியில் போய்விட்டால் வேறு வழி. சுற்றியுள்ள வைஃபை ரவுட்டர்களின் அடையாள எண்களையும் சிக்னல் வலுவையும் போன் திரட்டி, இயங்குதளத்தை நடத்தும் நிறுவனத்தின் சர்வரிடம் கேட்கும். எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் அங்கே உண்டு. ரவுட்டரும் அகப்படாத இடத்தில் செல்போன் கோபுரம்தான் கதி. ஊருக்குள் சில நூறு மீட்டர் முன்னே பின்னே இருக்கும். கிராமப்புறத்தில் கிலோமீட்டர் கணக்கில் விலகலாம். இவை எல்லாவற்றையும் கலந்து போன் ஒரே விடையைத் தருகிறது. அந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் வட்டத்தின் அளவு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆண்ட்ராய்டின் ஆவணத்தில் இந்த ஆரத்துக்குத் தரும் பொருள் 68 சதவீத வாய்ப்பு. அதாவது, வட்டத்துக்குள் ஆள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. வெளியே இருக்க மூன்றில் ஒரு பங்கு. "எல்லைவட்டம்" என்ற பரிந்துரையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். எல்லை என்றால் அதைத் தாண்டி இல்லை என்று பொருளாகிவிடும். காணாமல் போனவரைத் தேடும் குடும்பம், வட்டத்துக்குள் மட்டும் தேடிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது.

> "பிழைவட்டம்" சுருக்கமாக இருக்கிறதே.

பிழை என்பது உண்மையான இடத்துக்கும் கணித்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம். உண்மையான இடம் போனுக்குத் தெரிந்தால் இந்தப் பாடே இல்லை. 1500 மீட்டர் வட்டத்தின் நடுப்புள்ளியிலேயே ஆள் நின்றுகொண்டிருக்கலாம். அப்போது பிழை சுழியம், ஆனாலும் வட்டம் சுருங்காது. போன் சொல்லவருவது தன் ஐயத்தைத்தான்.

ஐயத்தை நம் இலக்கணம் நன்றாகவே கையாண்டிருக்கிறது. தொல்காப்பியத்தில் "ஐயக் கிளவி" என்றே உண்டு. தொலைவில் ஓர் உரு தெரிகிறது, கட்டையா ஆளா என்று விளங்கவில்லை. "குற்றியோ மகனோ" என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். ஐயம் வேறு, வழு வேறு. ஐயத்தை ஐயமாகவே சொன்னால் அது குற்றமில்லை. எண்ணோடு வட்டத்தையும் சேர்த்து அனுப்பும் போன் செய்வதும் அதையேதான். ஆகவே ஐயவட்டம் என்று முன்மொழிகிறேன். (ஆரத்துக்குத் தனிச்சொல் தேவைப்பட்டால் "ஐயவட்ட ஆரம்" என்று பிரித்தே எழுதலாம். ஐயத்தையும் ஆரத்தையும் நேராகப் புணர்த்தினால் "ஐயவாரம்" என்றாகி, கிழமைக் கணக்கு மாதிரி ஒலிக்கிறது.)

> ஐயம் இலக்கியச் சொல். "சந்தேக வட்டம்" என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு விதமாகப் புரியும். "போலீஸின் சந்தேக வட்டத்தில் மூவர்" என்று செய்தி படித்துப் பழகியவர்கள் நாம். மகளின் புள்ளியைப் பார்க்கும் அம்மாவுக்கு அந்தச் சொல்லைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஐயத்துக்குப் பிச்சை என்றும் பொருள் உண்டு என்று இன்னொருவர் நினைவூட்டியிருந்தார். உண்மைதான், "ஐயமிட்டு உண்" என்று சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். ஆனால் வட்டத்தோடு சேர்ந்து நிற்கும்போது அந்தப் பொருள் எழாது.

இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. ஐஃபோனில் ஐஓஎஸ் 14-இலிருந்தும் (2020) ஆண்ட்ராய்டில் 12-ஆம் பதிப்பிலிருந்தும் (2021), ஒரு செயலிக்குத் தோராயமான இடத்தை மட்டும் கொடுக்கும் வசதி வந்துவிட்டது. போனுக்கு இடம் நன்றாகத் தெரியும். பயனர் கேட்டுக்கொண்டதால் வட்டத்தை வேண்டுமென்றே பெரிதாக்கிக் கொடுக்கிறது. பிழை என்றோ துல்லியம் என்றோ இதைச் சொல்ல முடியாது. "ஐயவட்டத்தைப் பெரிதாக்கு" என்றால் இயல்பாக இருக்கிறது.

அடுத்து, நேரம். நம் இடத்தை இன்னொருவரோடு பகிரும்போது போன் அனுப்புவது ஒரு சின்னத் தகவல்: அட்சரேகை, தீர்க்கரேகை, ஐயவட்டத்தின் அளவு, கணித்த நேரம். சில செயலிகள் வேகத்தையும் பேட்டரி அளவையும் சேர்த்துக்கொள்ளும். இது மொபைல் டேட்டா வழியாகச் சர்வருக்குப் போய், அங்கிருந்து பார்ப்பவரின் போனுக்கு வருகிறது. டேட்டா இல்லையென்றால் ஜிபிஎஸ் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பார்ப்பவருக்கு எதுவும் போய்ச் சேராது. என் தங்கை இரவு பேருந்தில் ஊருக்கு வந்துகொண்டிருந்தபோது புள்ளி திண்டிவனம் தாண்டி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. வண்டி பழுதாகிவிட்டதோ என்று வீட்டில் எல்லோரும் பதறிப்போனோம். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, டேட்டாதான் இல்லை. புள்ளிக்குக் கீழே பொடி எழுத்தில் "புதுப்பித்தது 40 நிமிடங்களுக்கு முன்" என்று இருந்ததை யாரும் படிக்கவில்லை.

இதனால்தான் "நேரலை இருப்பிடம்" என்ற வழக்கும் எனக்கு உறுத்துகிறது. இருப்பிடம் என்றால் குடியிருக்கும் இடம் என்ற பொருளும் வலுவாக இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் வாங்கும் இருப்பிடச் சான்றிதழை நினைத்துக்கொள்ளுங்கள். நேரலை என்றால் இந்தக் கணமே என்று ஆகிவிடும். "தொடர் இடப்பகிர்வு" என்றால் விட்டுவிட்டு வரும் கணிப்புகளின் வரிசை என்பதற்கு இடம் இருக்கிறது. "இருப்பிடம்" ஏற்கெனவே பரவலாகிவிட்டது என்பது தெரியும். பொதுப் பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், மெனுவிலும் இருக்கட்டும். கணித்த விடையைக் குறிக்கும் இடங்களில் மட்டுமாவது "இடக்கணிப்பு" என்று போடுவோம்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் நான் இட நினைக்கும் வரிகள்:

இடக்கணிப்பு: 2 நிமிடங்களுக்கு முன்
ஐயவட்டம்: 35 மீ
ஐயவட்டம் பெரிதாக உள்ளது. ஜன்னல் பக்கம் அல்லது வெட்டவெளிக்குச் செல்லவும்.
இணைப்பு இல்லை. இது கடைசியாகக் கிடைத்த இடக்கணிப்பு.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. அங்கே பாடநூல்களில் பிழைக்கு "வழு" என்று எழுதுகிறீர்கள். ஐயவட்டம் அந்த வழக்கோடு எங்காவது மோதுகிறதா? மோதவில்லை என்றால் ஒரே கோப்பு இரு பக்கத்துக்கும் போதும். இந்த வாரக் கடைசியில் ஏற்றிவிடலாம். "கடைசியாகக் கிடைத்த இடக்கணிப்பு" சின்னத் திரையில் இரண்டு வரிக்குப் போகிறது, அதற்குக் குறுகிய மாற்று இருந்தால் அதையும் எழுதுங்கள்.