படத்தை நாவலாக்குவது எழுத்தா, நகலா?

நிலவன்:
நாவல் படமானால் மாதக்கணக்கில் பேசுகிறோம். படம் நாவலானால் கண்டுகொள்வதே இல்லை. உண்மைச் சம்பவத்தை நாவலாக்குவதையும் சேர்த்தே கேட்கிறேன்: முடிந்துபோன கதையில் எழுத்தாளருக்கு என்ன வேலை மிச்சம்? நிறைய இருக்கிறது என்பது என் கட்சி.

1966-இல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ படத்தின் திரைக்கதையை நாவலாக்கியவர் ஐசக் அசிமோவ். கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுருக்கிய நீர்மூழ்கிக் கப்பலில் ஒரு குழு நோயாளியின் ரத்தக்குழாய்க்குள் போகிறது. 60 நிமிடம் தாண்டினால் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கடைசியில் வெள்ளையணு ஒன்று கப்பலை விழுங்க, ஆட்கள் கண் வழியாகத் தப்பி ஒரு கண்ணீர்த்துளியில் வெளியே வருகிறார்கள். சரி, உள்ளே கிடக்கிற கப்பல்? அது விரிந்தால் நோயாளி என்ன ஆவார்? படம் இதைத் தொடவே இல்லை. அசிமோவால் அப்படி விட்டுவிட முடியவில்லை. அவருடைய நாவலில் அந்த வெள்ளையணுவைத் தங்கள் பின்னாலேயே வரவழைத்து, கப்பலோடு வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். வெறும் நகலெடுப்பவருக்கு இந்தக் கவலை வந்திருக்குமா?

கற்றாழை:
நண்பரே, அசிமோவைக் காட்டி மொத்தக் கூட்டத்தையும் காப்பாற்ற முடியாது. 1976 கடைசியில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ நாவலின் அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர்தான் இருந்தது. எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். யார் எழுதினால் என்ன என்று நினைக்கிற இடத்தில் எழுத்துக்கு என்ன மரியாதை?

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிது. ஒரு நடிகை ஒன்றும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். திரையில் பத்து விநாடி. எனக்குள் ஏதேதோ ஓடுகிறது. நாவலில் அதே இடத்தில் ‘அவள் நெஞ்சு கனத்தது’ என்று ஒரு வரி. அவ்வளவுதான், என் பத்து விநாடியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நிலவன்:
அது மோசமான வரி. மோசமாக எழுதினார்கள் என்பதால் அந்த வகையே மோசம் ஆகிவிடாது. பெயரை மறைத்தது வியாபாரம் செய்த காரியம். அதற்கு எழுத்தை ஏன் திட்ட வேண்டும்?

கற்றாழை:
நல்ல எழுத்தாளரையே எடுத்துக்கொள்வோம். ‘தி தேர்ட் மேன்’ திரைக்கதைக்காக கிரஹாம் கிரீன் முதலில் அதைக் கதையாக எழுதிப் பார்த்தார். கதையின் முடிவில் நாயகியும் நாயகனும் கைகோத்துப் போகிறார்கள். 1949-இல் வந்த படத்திலோ, காத்து நிற்கிறவனை ஏறிட்டும் பாராமல் அவள் கடந்து போய்விடுகிறாள். இயக்குநர் செய்ததே சரி என்று கிரீனே பின்னால் ஒப்புக்கொண்டார்.

சாரல்:
படக்கதையில் தப்பு நடந்தால் யாருக்கும் காயமில்லை. உண்மைக்கதைக்கு வாருங்கள். ட்ரூமன் கபோட்டி, நிஜக் கொலை வழக்கு ஒன்றைப் பற்றிய ‘இன் கோல்ட் பிளட்’ நூலை முழுக்க முழுக்க உண்மை என்று சொல்லித்தான் வெளியிட்டார். கல்லறையில் துப்பறிவாளரும் கொலையுண்ட பெண்ணின் தோழியும் சந்திக்கும் அந்த அழகான கடைசிக் காட்சி அவர் கற்பனை.

நம் பக்கம் ‘குருதிப்புனல்’ நாவல். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட மக்கள். இந்திரா பார்த்தசாரதி அதை நாவலாக்கியபோது பண்ணையாருக்கு ஆண்மைக்குறைவு என்று வைத்து, கொடூரத்தின் வேரை அங்கே கொண்டுபோனார். 1977-இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது. எரிந்தவர்களின் கோரிக்கை எங்கே போயிற்று?

நிலவன்:
அவர் பெயர்களை மாற்றித்தான் எழுதினார், அது நாவல். ஒரு மனிதன் ஏன் அப்படி ஆனான் என்று தேடும் உரிமை நாவலாசிரியருக்கு உண்டு. நான் வெண்மணியை அறிந்ததே அந்தப் புத்தகம் வழியாகத்தான்.

சாரல்:
அதைத்தான் கேட்கிறேன் தோழர். படித்து முடித்ததும் உங்கள் மனதில் முதலில் நின்றது எது? கூலியா, அவனுடைய குறையா?

நிலவன்:
இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவனுடைய குறைதான். கூலிப் போராட்டத்தை வேறு நூல்களில் படித்த பிறகுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். இது என்னை உறுத்துகிறது. ஆனாலும் அந்த நாவல் எழுதப்படாமலே இருந்திருக்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

சாரல்:
எழுதக் கூடாது என்று நானும் சொல்லவில்லை. எது நடந்தது, எதை நான் சேர்த்தேன் என்று முதல் பக்கத்திலேயே ஒரு குறிப்பு போடட்டும்.

நிலவன்:
முதல் பக்கத்தில் போட்டால் வாசகர் ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

சாரல்:
கடைசிப் பக்கம் வரைக்கும் வராதவர்கள்?

கற்றாழை:
சாரல் பக்கம் என் ஓட்டு. முதல் பக்கம்.