வியட்நாம் மரத்தை வைத்து அங்கோர் மழையைச் சொல்ல முடியுமா?

பட்டறைக்காரன் மகன்

போன மாதம் குடும்பத்தோடு கம்போடியா போய், கெமர் அரசர்களின் பழைய தலைநகரான அங்கோர் பார்த்துவிட்டு வந்தோம். மேற்கு பராய் என்று ஓர் ஏரி, மனிதர் கட்டியது, 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம், கரையில் நின்றால் எதிர்க்கரை கோடு போலத்தான் தெரிகிறது. இவ்வளவு தண்ணீரைத் தேக்கத் தெரிந்தவர்கள் ஏன் ஊரை விட்டுப் போனார்கள் என்று வழிகாட்டிப் பையனிடம் கேட்டேன். "மழை இல்லை சார், மரத்தில் எழுதியிருக்கிறது" என்றான். வந்து தேடிப் பார்த்தால், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமண்ட்-டோஹர்ட்டி ஆய்வகத்தைச் சேர்ந்த பிரெண்டன் பக்லியும் அவருடைய குழுவும் வியட்நாம் மலையில் பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்து இதைச் சொல்லியிருக்கிறார்கள், 2010-ல் கட்டுரை வந்திருக்கிறது.

என் அப்பா செங்கோட்டைப் பக்கம் மரப்பட்டறை வைத்திருக்கிறார், நான் மரத்தூளில் விளையாடி வளர்ந்தவன். ஒரே தடியில் ஒரு பக்கம் வளையம் தடித்தும் மறுபக்கம் நெருக்கியும் இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்து மரம் விழுந்து வெயில் கிடைத்தால் தடிக்கும், பூச்சி அடித்தால் ஒடுங்கும். அப்படியிருக்க வளையம் குறுகினால் மழை இல்லை என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? அதுவும் வியட்நாம் மரத்தை வைத்துக் கம்போடியா மழையை? கிண்டல் இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன்.

சாரல்

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரு மரம் சொல்வதை அவர்களும் நம்புவதில்லை. நான் தாவரவியல் படித்தவள், இந்தத் துறையில் வேலை செய்ததில்லை, ஆனால் கல்லூரியில் ஒரு பயிற்சி முகாமில் மூன்று நாள் இதையே செய்தோம், அதனால் சொல்கிறேன்.

நடுவில் துளையுள்ள ஒரு துரப்பணம் இருக்கும், கையால் திருகித் திருகி மரத்துக்குள் இறக்க வேண்டும். வெளியே எடுத்தால் பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சி வரும். அதை, காடி வெட்டிய கட்டையில் ஒட்டி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், முரடில் ஆரம்பித்து நைஸ் வரைக்கும், கண்ணாடி மாதிரி ஆகும்வரை. எனக்கு விரல் நுனியெல்லாம் எரிந்தது. அதன் பிறகுதான் நுண்ணோக்கி. ஒரே மரத்தில் இரண்டு பக்கமும் குச்சி எடுப்பார்கள், நீங்கள் சொன்ன அந்தத் தடிப்பு, நெருக்கம் பிரச்சினைக்காகத்தான்.

அடுத்து முக்கியமான வேலை, பொருத்திப் பார்ப்பது. ஒரு மரத்துக்குப் பூச்சி வரலாம், இன்னொன்றுக்குப் பக்கத்து மரம் விழுந்து வெயில் கிடைக்கலாம். ஆனால் சரிவு முழுக்க இருக்கும் இருபது முப்பது மரங்களும் ஒரே வருஷத்தில் ஒடுங்கியிருந்தால் அது பூச்சி இல்லை, வானம். குறுகிய வளையம் எங்கெங்கே வருகிறது என்று வரைபடத் தாளில் கோடு போட்டு ஒன்றின் மேல் ஒன்று நகர்த்திப் பார்ப்போம், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் அந்த நொடி இருக்கிறதே, அதற்காகவே இதைப் படிக்கலாம். கடும் வறட்சியில் சில மரம் வளையமே போடாது, சில மரம் ஒரே வருஷத்தில் இரண்டு போட்டதுபோல ஏமாற்றும். வெறுமனே எண்ணினால் கணக்கு தப்பிவிடும், பொருத்தினால்தான் பிடிபடும்.

இந்த முறையை உருவாக்கிய டக்லஸ் ஒரு வானியலாளர் தெரியுமா? சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரத்தில் பதிந்திருக்குமா என்று தேடப் போனவர். 1929-ல் அரிசோனாவில் ஷோ லோ என்ற ஊரில் பாதி கருகிய ஓர் உத்தரம் கிடைத்தது, அதில் இருந்த வளையங்கள்தான் உயிரோடிருந்த மரங்களின் வரிசையையும் பழைய இடிபாடுகளில் கிடைத்த மரங்களின் வரிசையையும் இணைத்தன. பட்டறைக்காரர் மகனுக்கு இது பிடிக்கும் என்று சொல்கிறேன்.

முகில்

நல்லது, ஆனால் துளை போட்டால் மரம் செத்துப்போகாதா?

சாரல்

பெரும்பாலும் சாகாது, மரம் தானே அடைத்துக்கொள்ளும். கெட்ட பெயர் வந்தது வேறொரு கதையால். 1964-ல் அமெரிக்காவின் நெவாடாவில் ஆராய்ச்சிக்காக பிரிசில்கோன் பைன் என்ற ஊசியிலை மரம் ஒன்றை வெட்டியே விட்டார்கள். எண்ணினால் 4,862 வளையம். அப்போது அதைவிட வயதான மரம் எதுவும் யாருக்கும் தெரியாது. வெட்டிய பிறகுதான் தெரிந்தது.

தென்றல்வழி

@பட்டறைக்காரன் மகன், உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மரம் இருப்பது தெற்கு வியட்நாமில் பிடூப் நுய் பா தேசியப் பூங்கா, தலாத் ஊரை ஒட்டிய மலை. ஊசியிலை மரம், அந்த ஊர்ப் பெயர் பொ மு. பருவமழை ஓர் ஊருக்கு மட்டும் பொய்ப்பதில்லை, பொய்த்தால் பெரும்பரப்பில் பொய்க்கும். அதனால் மலையிலுள்ள மரத்தின் வளையங்களை, கருவிகளால் அளந்த வறட்சிக் கணக்குகளோடு ஒப்பிடுகிறார்கள். கருவிக் கணக்கு இருக்கும் காலத்தில் ஒரு பகுதியை வைத்துச் சமன்பாடு போட்டு, மீதிப் பகுதியை அது சரியாகச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பின்னோக்கிப் போகிறார்கள். இப்படி 979 வருஷம் போயிருக்கிறார்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்த மரம் சொல்வது முழு வருஷ மழையை இல்லை, மார்ச் முதல் மே வரை, அதாவது மழை தொடங்குமுன் நிலம் எவ்வளவு காய்ந்திருந்தது என்பதை. செய்திகளில் அதை "மழைக் கணக்கு" என்று சுருக்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் எரிச்சல்.

ஏரிக்கரை

இதே மாதிரி ஆசியா முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட மர வளையத் தொடர்களைச் சேர்த்து எட்வர்ட் குக் குழுவினர் 2010-லேயே பருவமழை ஆசியாவுக்கான வறட்சி வரைபடத் தொகுப்பு ஒன்று போட்டார்கள். அதில் நான்கு பெரிய வறட்சிகளைத் தனியாகக் காட்டியிருக்கிறார்கள், கடைசி 1876 முதல் 1878 வரை. நமக்கு அது வேறொன்றுமில்லை, தாது வருஷப் பஞ்சம். எங்கள் ஆச்சி தன் ஆச்சியிடம் கேட்டதாகச் சொல்வார், கற்றாழைக் குருத்தை அவித்துத் தின்ற கதை. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது அப்போதுதான்.

வரைபடத்தில் வறட்சி இருக்கும். சனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது மதராசிலிருந்து தானியம் கப்பலேறியது எந்த மரத்திலும் இருக்காது. அங்கோருக்கும் அதேதான் என்று நினைக்கிறேன்.

சரித்திரப்பித்து

ஏரிக்கரை சொல்வதோடு ஒத்துப்போகிறேன். "மழை இல்லாமல் அங்கோர் அழிந்தது" என்று அந்தக் கட்டுரையே சொல்லவில்லை, தலைப்பிலேயே பங்களித்த ஒரு காரணி என்றுதான் வைத்திருக்கிறார்கள். 14-ம் நூற்றாண்டின் நடுவில் பல பத்தாண்டுகள் நீண்ட வறட்சி, 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைவிடக் குறுகிய, ஆனால் கடுமையான வறட்சி, நடுவில் பேய்மழை வருஷங்கள். தண்ணீர் குறைந்த காலத்துக்கு ஏற்ப மாற்றியமைத்த வாய்க்காலில் திடீர் வெள்ளம் வந்தால் என்ன ஆகும்? கால்வாய்களில் மணலும் சரளையும் அடைத்துக் கிடப்பதை மண்ணியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இதற்கு மேல் பக்கத்து சயாம் அரசான அயுத்தயாவோடு சண்டை, தெற்கே நகர்ந்த வணிகம். எல்லாம் ஒன்றாக.

பட்டறைக்காரன் மகன்

எல்லாருக்கும் நன்றி, நிறையப் பிடிபட்டது. அப்படியானால் நம்ம தேக்கில் இப்படிப் பார்க்க முடியுமா? அது இலை உதிர்க்கும் மரம்தானே, வளையம் பளிச்சென்று தெரியும்.

தென்றல்வழி

முடியும், செய்தும் விட்டார்கள். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத் தேக்கில் 523 வருஷத் தொடர் எடுத்திருக்கிறார்கள், எல் நினோ வருஷங்களும் பருவமழை பொய்த்த வருஷங்களும் அதில் ஒடுங்கித் தெரிகின்றன. அதற்கு முன்பே 1931-ல் பெர்லாகே என்ற டச்சுக்காரர் ஜாவாத் தேக்கில் செய்தார். மாவிலும் பலாவிலும் வளையம் இவ்வளவு தெளிவாக விழாது. பனைக்கும் தென்னைக்கும் வளையமே கிடையாது.

சாரல்

பட்டறையில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. பட்டை இருக்கும் துண்டாக எடுங்கள். வெளியில் உள்ள வெள்ளைக்கட்டையைச் செதுக்கி எறிந்துவிட்டால் கடைசி வளையம் எந்த வருஷத்தது என்று தெரியாது, எண்ணினாலும் எங்கே கட்டுவது?

பட்டறைக்காரன் மகன்

அக்கா, இன்று காலை பட்டறைக்கே போய்விட்டேன். பட்டையோடு ஒரு தேக்குத் தடி கிடந்தது, நுனியை அப்பாவிடம் சொல்லி இழைத்து வாங்கி, உப்புத்தாள் போட்டு, பேரனுக்கு வாங்கிய பூதக்கண்ணாடியை வைத்து எண்ணினேன், 34 வந்தது, வெளியிலிருந்து ஒன்பதாவது நூல் மாதிரி ஒடுங்கியிருந்தது. ஒன்பது வருஷம் முன்னால் இங்கே மழை எப்படி என்று யோசித்துக்கொண்டே அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது கானா நாட்டு மரம்டா. தூத்துக்குடியில் கண்டெய்னரில் வந்து இறங்கினது."