உதவித்தொகை விண்ணப்பத்தை இயந்திரமே நிராகரிக்கலாமா?

கேள்வி:
அரசு உதவித்தொகை விண்ணப்பங்களைச் செயற்கை நுண்ணறிவை வைத்துப் பரிசீலிக்கலாம் என்று எங்கள் துறையில் பேச்சு ஓடுகிறது. கோப்புகள் தேங்கிக் கிடப்பதால் வேகம் தேவைதான், ஆனால் தகுதியுள்ள ஒருவரை அது தள்ளிவிட்டால் யார் பொறுப்பு?

பதில் 1:
உதவித்தொகை வாங்கியவர்கள் கூடுதலாகப் பெற்றதாகக் கணினியே கணக்கிட்டு அதைக் கடனாக வசூலித்த ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் திட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஒருவரின் ஆண்டு வருமானத்தை எடுத்து 26 இருவாரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு மீதி ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கியவருக்கு, அந்த வேலையில்லாத நாட்களிலும் சம்பளம் வந்ததாகக் கணக்குக் காட்டி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டு என்று நோட்டீஸ் போனது. இத்தனைக்கும் அதில் செயற்கை நுண்ணறிவே இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு! கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் மக்கள் தலையில்தான் விழுந்தது. அது சட்டவிரோதம் என்று 2023இல் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை ஆணையத்தின் அறிக்கை சொன்னது.

பதில் 2:
நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் இதைவிட மோசம். மோசடி ஆபத்தைக் கணிக்கும் முறையில் குடியுரிமையையும் ஓர் அளவுகோலாக வைத்தார்கள், அந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது.

பதில் 3:
அதற்காக வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கனடாவில் அரசுத் துறைகள் இயந்திரத்தை வைத்து எடுக்கும் முடிவுகளுக்கு 2019 முதல் ஒரு விதிமுறை இருக்கிறது: முடிவால் வரும் பாதிப்பை நான்கு நிலைகளாகப் பிரித்து, மேல் இரண்டு நிலைகளில் இறுதி முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும். என் கருத்து, ஏற்பதை இயந்திரம் செய்யட்டும், நிராகரிப்பு மட்டும் ஓர் அதிகாரி காரணம் எழுதிக் கையெழுத்திட்டே போகட்டும்.

கேட்டவர்:
சரி, அப்படிக் கையெழுத்திடும் அதிகாரிக்கு ஒரு கோப்பைப் படிக்க எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்பதையும் கூட்டத்தில் கேட்கிறேன்.