கெஷ் ஜிக்: மாண்டலினில் பிக் எந்தப் பக்கம் போகணும்?

எட்டுத்தந்தி:
அயர்லாந்து ஃபிடில் (வயலின்) மெட்டுகளில் பலர் முதலில் எடுப்பது ‘கெஷ்’ ஜிக், அதாவது மூன்று மூன்றாக எண்ணும் ஆட்ட மெட்டு. ஜி மேஜர், அதாவது நம்ம சங்கராபரணம். இரண்டு பகுதி, பகுதிக்கு எட்டு பார் (தாளச் சுற்று), ஒவ்வொன்றும் இரண்டு தடவை. மாண்டலினுக்கும் ஃபிடிலுக்கும் ஒரே ஜி-டி-ஏ-இ சுருதிதான், அதனால் இடது கைக்குப் புதிதாக ஒன்றுமில்லை. எல்லாச் சிக்கலும் வலது கையில். தகிட தகிட என்று வரும் தாளத்துக்குப் பிக்கை (தந்தியை மீட்டும் சில்லு) டவுன்-அப்-டவுன், டவுன்-அப்-டவுன் (கீழே-மேலே-கீழே) என்று அடிப்பதுதான் சரி. டவுன்-அப்-டவுன்-அப் என்று மாறி மாறி அடித்தால் இரண்டாவது ‘த’ அப்பில் விழுந்து பலம் இழக்கும். ஆடுவதற்கான மெட்டு தட்டையாகிவிடும்.

மேலும்கீழும்:
ஒப்புக்கொள்ள முடியாதுங்க. நிமிஷத்துக்கு 120 தாள அடி (ஒரு அடிக்கு ஒரு ‘தகிட’) வேகத்தில் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது 0.17 விநாடி. அதற்குள் ஒரு டவுனை முடித்து, கையைத் தூக்கி, மறுபடி டவுன். இரண்டாம் பகுதியில் ‘இ ஜி இ | டி பி டி’ வரும் இடத்தைப் பாருங்க. கடைசி ‘இ’ திறந்த இ தந்தியில் டவுன். அடுத்த ‘டி’ ஏ தந்தி 5-ஆம் ஃபிரட்டில் (கழுத்தில் உள்ள உலோகக் கட்டை), அதுவும் டவுன். மாண்டலினில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருப்பதால், பிக் இரண்டு ஜோடித் தந்தியைத் தாண்டித் திரும்பணும். மாறி மாறி அடித்தால் ஒரு ஜோடியைத் தாண்டினால் போதும். அப் அடியில் அழுத்தம் வராது என்பது பழக்கக் குறை. அப்பில் மட்டும் அழுத்தி ஸ்கேல் வாசித்தால் வந்துவிடும்.

எட்டுத்தந்தி:
அந்த இடம் கஷ்டம்தான், மறுக்கவில்லை. அந்தக் கடைசி ‘இ’யைத் திறந்த தந்தியில் எடுக்காமல் ஏ தந்தி 7-ஆம் ஃபிரட்டில் சுண்டுவிரலால் எடுங்க. ‘டி’யும் அதே தந்தியில் வந்துவிடும், தாண்டுவது ஒரு ஜோடிதான். முதல் பகுதியில் ‘இ டி டி | ஜி டி டி’யில் உங்க முறைக்குத்தான் சிரமம். என் முறையில் ஏ தந்தியில் விழுந்த டவுன் நிற்காமல் அப்படியே இ தந்தியின் ‘ஜி’க்கு இறங்கிவிடும்.

வில்லோசை:
இடையில் ஒரு கேள்வி. தொடக்கத்து ‘ஜி’ மூன்று ஸ்வர நீளம். ஃபிடிலில் வில் அதைத் தாங்கிப் பிடிக்கும். மாண்டலினில் ஒலி உடனே தேய்ந்து ஓட்டை விழுகிறதே, என்ன செய்யலாம்?

மேலும்கீழும்:
‘ஜி-எஃப் ஷார்ப்-ஜி’ என்று நிரப்புங்க. டி தந்தியில் 5, 4, 5. மோதிர விரல் 5-இல் இருக்கும்போதே நடுவிரலை 4-இல் வைத்துவிட்டு, நடு ஸ்வரத்துக்கு மோதிர விரலை மட்டும் எடுக்கணும். ட்ரெமோலோ (ஒரே ஸ்வரத்தை விடாமல் வேகமாக அடிப்பது) மட்டும் வேண்டாம், தாளமே கரைந்துவிடும்.

எட்டுத்தந்தி:
ட்ரெமோலோ வேண்டாம் என்பதில் நானும் உங்க பக்கம். ஆனால் ட்ரெபிள் போடலாமே? நடு ஸ்வரத்தை இரண்டாக உடைத்து டவுன், டவுன்-அப், டவுன். இங்கேதான் மாறி மாறி அடிப்பதன் உண்மையான பலவீனம் தெரியும். ட்ரெபிளில் நான்கு அடி. போட்டால் அடுத்த ‘த’ டவுனில் வரும், போடாவிட்டால் அப்பில். நினைத்த இடத்தில் அலங்காரம் சேர்த்தால் அந்த பாரில் மிச்சமெல்லாம் தலைகீழ். என் முறையில் எங்கே சேர்த்தாலும் அடுத்த ‘த’ டவுன்தான்.

மேலும்கீழும்:
அது நியாயமான வாதம். அதனால்தான் நான் ட்ரெபிளைக் குறைத்து இடது கையில் கட் போடச் சொல்வேன். 7-ஆம் ஃபிரட்டில் சுண்டுவிரல், பிக் ஒரே அடி, உடனே 5-க்கு இழுத்து விடுவது. இரண்டு தந்தியையும் சேர்த்துப் பக்கவாட்டில் இழுக்கணும், ஒன்று மட்டும் மாட்டினால் ஒலி பிசிறும்.

எட்டுத்தந்தி:
நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போது அந்தக் கட் யாருக்கும் கேட்காது. ட்ரெபிள் கேட்கும். வில்லோசை, 1 மி.மீ.க்கு மேல் தடிப்பான பிக் எடுங்க, மெல்லியது வளைந்து அடுத்த அடி தாமதமாகும். மெட்ரோனோமை 60-இல் வைத்து, முதல் நான்கு பாரை மட்டும் டவுன்-அப்-டவுனில் ஓட்டுங்க.

மேலும்கீழும்:
60-இல் இரண்டு முறையும் சுகமாகத்தான் இருக்கும். 100-க்கு ஏற்றி, ‘இ ஜி இ | டி பி டி’யை இரண்டு விதமாகவும் பதிவு செய்து கேட்டுப் பாருங்க, வில்லோசை.