பாத்திரம் பேசாத சொல்லும் பாட்டும்: சோண்ட்ஹைமின் தொகுப்புகளோடு என் அனுபவம்

அமெரிக்க இசைநாடகப் பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஸ்டீஃபன் சோண்ட்ஹைம் தம் பாடல்களை இரு தொகுப்புகளாக வெளியிட்டிருக்கிறார்; மேடை நாடகங்களுக்குப் பாட்டெழுதிவருபவன் என்ற முறையில் அவற்றைப் பற்றிய என் வாசிப்பைப் பகிர்ந்துகொள்கிறேன். 2010இல் வந்த 'ஃபினிஷிங் த ஹாட்' 1954 முதல் 1981 வரையிலான பாடல்களையும், அடுத்த ஆண்டு வந்த 'லுக், ஐ மேட் எ ஹாட்' அதற்குப் பிந்தியவற்றையும் கொண்டவை. எந்தப் பாட்டு எந்தக் காட்சிக்காக எழுதப்பட்டது, எது கைவிடப்பட்டது, எந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது என்று இடையிடையே அவரே எழுதியிருக்கும் குறிப்புகளுக்காகவே நான் அவற்றைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

ஒரு நாடகத்தின் வரிகளை முதலில் தனியாக வாசித்து, பிறகு ஒலிப்பதிவைக் கேட்டு, அதன் பின்னரே குறிப்புகளுக்கு வருவது என் வழக்கம். தாளில் மெலிந்து தெரிந்த வரிகள் இசையோடு வரும்போது நிறைந்துவிடுகின்றன. கவிதையை வாசிப்பவர் நின்று யோசிக்கலாம். மேடைப் பாட்டோ காலத்தோடு ஓடிவிடுவது, இசையும் நடிப்பும் ஒளியும் அதே நொடியில் கவனத்தைக் கேட்பவை, ஆகவே பாட்டில் சொற்கள் நெருக்கியடிக்கக் கூடாது என்று அவர் சொல்வதன் பொருள் இப்படிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. உள்ளடக்கமே வடிவத்தைத் தீர்மானிக்கும், குறைவே நிறைவு, நுணுக்கத்தில்தான் கடவுள் இருக்கிறார் என்ற அவருடைய மூன்று கொள்கைகளும் தெளிவு என்ற ஒன்றுக்காகவே நிற்கின்றன.

என்னை மிகவும் உலுக்கியது 1957இல் மேடையேறிய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' பற்றிய பகுதி. லியனார்ட் பெர்ன்ஸ்டைனின் இசைக்குப் பாட்டெழுதிய சோண்ட்ஹைமுக்கு அது மேடையேறியபோது இருபத்தேழு வயது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த எளிய பெண்ணான மரியா காதல் பூரிப்பில் பாடும் பாட்டில், ஒரே வரிக்குள் இயைபுகளை அடுக்கியிருந்தார். நயமான பேச்சுக்குப் பேர்போன ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்டின் வரவேற்பறையில் பேசிப் பழகியவள்போல அவள் ஒலிக்கிறாள் என்பது பிற்பாடு அவருடைய தீராத வருத்தமாயிற்று. சக பாடலாசிரியர் ஷெல்டன் ஹார்னிக் அதைச் சுட்டிக்காட்டியதும் எளிய வடிவம் ஒன்றை எழுதிக்கொடுத்தார். உடன் பணியாற்றியவர்கள் ஏற்கவில்லை. உலகமே விரும்பிப் பாடும் ஒரு பாட்டைப் பற்றி, அதில் தெரிவது பாத்திரத்தின் அறிவல்ல, எழுதியவனின் சாமர்த்தியமே என்று எழுதியவரே சொல்வது அரிது. இன்று நான் எழுதும் ஒவ்வொரு பாட்டையும், இந்தச் சொல் இவள் வாயில் வருமா என்று கேட்டே அடுத்த வரிக்கு நகர்கிறேன்.

மற்ற பாடலாசிரியர்களைப் பற்றியும் அவர் கறாராகவே எழுதுகிறார். மறைந்தவர்களை மட்டுமே விமர்சிப்பது என்ற நெறியோடு. பதினைந்தாவது வயதில் அவர் எழுதிய பள்ளி நாடகத்தைப் படித்துவிட்டு, தான் படித்தவற்றிலேயே மோசமானது என்று கூறி, ஏன் என்பதையும் வரிவரியாக விளக்கிய குரு ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் அதற்கு விலக்கல்ல. லாரன்ஸ் ஹார்ட்டிடம் மட்டும் அவர் தேவைக்கு மேல் கடுமை காட்டுகிறார் என்பது என் எண்ணம்; ஹார்ட்டின் வரிகளில் உள்ள துயரம், சோண்ட்ஹைம் குறைகூறும் அசட்டையையும் மீறி என்னைத் தொடுகிறது.

மறுமொழி:

ஐயா, உங்கள் பதிவுக்கு நன்றி. பாடுகிறவளாக நானும் ஒன்று சேர்க்கிறேன். 1973இல் வந்த 'எ லிட்டில் நைட் மியூசிக்' நாடகத்தின் புகழ்பெற்ற பாட்டான 'செண்ட் இன் த க்ளௌன்ஸ்' ஒத்திகை தொடங்கிய பிறகே எழுதப்பட்டது. காட்சி ஆணுடையது என்று சோண்ட்ஹைம் நினைத்திருக்க, இயக்குநர் ஹால் பிரின்ஸ் அதைப் பெண்ணின் காட்சியாக அமைத்துக் காட்டினார். நடிகை கிளினிஸ் ஜான்ஸுக்கு இனிய குரல் இருந்தது, ஆனால் சுரங்களை நீட்டிப் பிடிக்க இயலாது. அதனால் சிறு சிறு கேள்விகளாக, மெய்யெழுத்தில் சட்டென்று முடியும் சொற்களாக அதை எழுதினார். அந்தத் துண்டு மூச்சுகளே, கைநழுவிய காதலைத் தன்மானத்தோடு பேசும் பெண்ணின் குரலாகவும் ஆகிவிட்டன. நெடுநாள் நானும் அதை நீட்டி இழைத்தே பாடிவந்தேன். இந்தக் குறிப்பைப் படித்தபின் ஒவ்வொரு கேள்வியிலும் நிறுத்துகிறேன். பாடகி ஜூடி காலின்ஸ் பாடியதை மட்டும் அறிந்தவர்கள், மூல மேடைக் குழுவின் ஒலிப்பதிவில் கிளினிஸ் ஜான்ஸ் எங்கெங்கே நிறுத்துகிறார் என்று கவனித்துக் கேளுங்கள்.