எடை சரி, சர்க்கரை சரியில்லை: ஒல்லியானவர்களின் அனுபவங்கள்

வங்கி ஊழியர், திருச்சி

எங்கள் கிளையில் நடந்த மருத்துவ முகாமில் சர்க்கரை நோய் இருப்பதாக முதன்முதலில் தெரியவந்தவர், எங்களில் யாரும் எதிர்பாராத ஒருவர். வயது 42, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 65 கிலோ, அதாவது உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 22.5 என்பதால் எந்த அட்டவணையில் வைத்துப் பார்த்தாலும் இயல்பான எடை. மது, புகை இரண்டும் இல்லாதவர். வெறும் வயிற்றுச் சர்க்கரை 138, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.1, ரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு 240, நல்ல கொழுப்பான எச்டிஎல் 34 என்று அறிக்கை வந்தபோது, "வேற யாரோட ரத்தத்தையோ மாத்திட்டாங்க சார்" என்றுதான் அனைவரும் சொன்னோம். மறுபரிசோதனையிலும் அதே நிலைதான். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதும் தெரிந்தது.

மருத்துவர் இன்ச் டேப்பை எடுத்து அவருடைய இடுப்பை அளந்தார். 93 சென்டிமீட்டர். கை கால்கள் மெலிந்திருந்தமையால், சட்டையைத் தளர்வாக அணியும் அவருடைய வயிறு எங்கள் யார் கண்ணிலும் பட்டதில்லை. அவருடைய தாயாருக்கும் சர்க்கரை நோய் உண்டு. இப்படியும் நேருமா, வேறு யாருக்கேனும் நேர்ந்திருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன்.

ஆய்வகப் பணியாளர், மதுரை

தாராளமாக நேரும் ஐயா. குருதி எடுக்க வரும் ஒல்லியானவர்களில் பலர், "கம்பெனியில கேட்டாங்க, அதுக்காகத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவதையும், மாலையில் அறிக்கையை வாங்கிய பிறகு அதை நம்பாமல் மீண்டும் வந்து நிற்பதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டு இதை விளக்கினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. பி.எம்.ஐ. ஒன்றாக இருந்தும் ஒருவர் உடலில் தசை மிகுந்திருக்க, மற்றவர் உடலில் கொழுப்பு இரு மடங்குக்கும் மேல் இருந்தது. இந்த வேறுபாடு பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதையும் யாஜ்னிக் குழுவினர் காட்டினர்: புனே வட்டாரத்துக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ எடையில், இங்கிலாந்துக் குழந்தைகளைவிட மிகச் சிறியவையாகப் பிறந்தபோதும், அவற்றின் தசையும் உள்ளுறுப்புகளும் குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறைந்திருக்கவில்லை.

தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பால் பெரிய தொல்லை இல்லை. குதிர் நிறைந்த பிறகு வரும் நெல்லைக் கண்ட இடத்தில் கொட்டி வைப்பதுபோல, அந்த இடம் போதாதபோது கொழுப்பு கல்லீரலிலும் கணையத்தைச் சுற்றியும் படியத் தொடங்குவதும், அதனால் இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியாமல் போவதும்தான் சிக்கல். இந்தக் கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை என்பதால், தசை குறைந்த உடலில் பாதிப்பு இரட்டிப்பாகிறது.

இதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23 ஆனதுமே கூடுதல் எடை என்றும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் வரையறுத்திருக்கிறார்கள். சென்னையில் உருவான இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் முறையில் வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கையும்தான் கேட்கிறார்கள். எடையைக் கேட்பதே இல்லை. உங்கள் நண்பரின் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஒல்லியானவர் எல்லோருக்கும் காரணம் இதுவே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில வாரங்களில் எடை வேகமாகக் குறைந்து, தாகமும் சிறுநீரும் மிகுந்திருந்தால், கணையம் இன்சுலின் சுரப்பதையே இழந்துவரும் வகையாக இருக்கலாம். அந்த ஐயம் எழும்போது மருத்துவர்கள் கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு, உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டும் ஜிஏடி எதிர்ப்பொருள் ஆகிய பரிசோதனைகளை எழுதுவதுண்டு.

பள்ளி ஆசிரியை, ஈரோடு

கர்ப்ப காலத்தில் எனக்குச் சர்க்கரை இருந்தது. அப்போதும் நான் மெலிந்தவள்தான். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் அனைவருக்கும் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கும் நடைமுறை இருப்பதால் அது பிடிபட்டது. என் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்திருந்தால் யாரும் சோதித்தே இருக்க மாட்டார்கள். பிள்ளை பிறந்தபின் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாகவே இருந்தது, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது 162. 140க்கு மேல் 200க்குள் என்பதால் சர்க்கரை நோயின் முந்தைய நிலை என்றார்கள்.

வீட்டில் இதைப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது. "எலும்பும் தோலுமா இருக்கா, இதுல சாப்பாட்டைக் குறைக்கச் சொல்றாங்களாம்" என்று என் அத்தை ஒவ்வொரு வேளையும் இன்னொரு கரண்டி சோறு வைப்பார். அவர் கவலையிலும் நியாயம் உண்டு. பட்டினி கிடந்து நான் எடை குறைத்திருந்தால், இருக்கும் கொஞ்சம் தசையும் கரைந்திருக்கும் என்று மருத்துவரும் சொன்னார். ஆகவே சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டல், முட்டை, கொள்ளு ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டேன். நடையோடு நில்லாமல், தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சிகளை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுச் செய்கிறேன். அத்தைக்கு இப்போது கொள்ளு ரசம் வைப்பதில் பெருமை.

எடை இயந்திரத்தில் முள் அசையவே இல்லை என்று மனம் தளர்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களின் எடை குறிப்பிடும்படி குறையாமலேயே இது நடந்தது. எனக்கும் எடை அப்படியேதான் இருக்கிறது. கடைசியாக எடுத்த இரண்டு மணி நேரச் சர்க்கரை 131. டிரைகிளிசரைடும் 150க்குக் கீழே வந்துவிட்டது. ஆண்டுதோறும் குளுக்கோஸ் குடித்துச் சோதிப்பதை மட்டும் விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

திருச்சி நண்பருக்கு: அவருடைய உடன்பிறந்தவர்கள் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும், அவர்களையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.